மேசைத் தேய்மான அறிக்கை

சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்குச் சட்டம் கேட்கும் தகுதிகள் மிகக் குறைவு. வயது நிரம்பியிருக்க வேண்டும், புத்தி பிசகாமல் இருக்க வேண்டும், ஏறக்குறைய அவ்வளவுதான். ஆளுங்கட்சிக்கு இது போதவில்லை. யாருக்கு மறுபடியும் சீட்டுக் கொடுப்பது என்பதை இனி அறிவியல் முறைப்படி முடிவு செய்வதெனத் தலைமை தீர்மானித்தது. அதற்காக வரவழைக்கப்பட்ட நிபுணர், சட்டமன்றத்தின் தச்சர்.

"அஞ்சு வருஷமா அங்க மேசை ரிப்பேர் பண்றது நீங்கதானே?" என்றார் கட்சிச் செயலாளர். "தலைவர் பேசும்போது யார் நல்லாத் தட்டினாங்கன்னு மேசையே சொல்லிடும். ஒவ்வொண்ணும் எத்தனை மில்லிமீட்டர் தேஞ்சிருக்குன்னு அளந்து குடுங்க. தேய்ச்சவங்களுக்குத்தான் சீட்டு."

தச்சர் அளந்தார். சில மேசைகளில் குழி, சிலவற்றில் விரிசல். ஒன்றில் மோதிரத்தின் தடம்கூடப் பதிந்திருந்தது. நாற்பத்தேழாம் மேசையில் மட்டும் பாலிஷ் கலையவில்லை. அது அவருடைய சொந்தத் தொகுதி உறுப்பினரின் மேசை. அந்த அம்மாவுக்குத் தட்ட நேரம் ஏது? எழுந்து எழுந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அதில் ஏழு கேள்விகள், தச்சரின் தெருவோர வாய்க்காலுக்குப் பாலம் எப்போது வரும் என்பது. தச்சரின் மகள் தினமும் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். போன மழையில் வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போக, ஒரு புதரைப் பிடித்துத் தப்பினாள்.

அம்மா போனால் பாலமும் போச்சு. தச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார், மரச் சுத்தியலை எடுத்தார். சாப்பாட்டு இடைவேளைக்குள் ஐந்து வருட விசுவாசத்தை அடித்து முடித்துவிட்டார். அவசரத்தில் கொஞ்சம் கை மீறிப் போயிற்று. அவையிலேயே ஆழமான குழி அதுதான்.

கட்சி அலுவலகத்தில் அம்மாவுக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். அந்த அம்மாவுக்கு நேர்மை என்றொரு கெட்ட பழக்கம்.

"நான் ஒரு தடவைகூடத் தட்டலையே!" என்று சொல்லிவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். தச்சர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேலை போச்சு என்றே நினைத்தார்.

"ஒரே மத்தியானத்துல பதினொரு மில்லிமீட்டரா?" என்றார் செயலாளர்.

"ஆமாங்க. தப்புத்தான்."

"தப்பா? அஞ்சு வருஷம் தட்டினவங்களே நாலைத் தாண்டலையே! விதி என்ன? தேய்ச்சவருக்குச் சீட்டு. தேய்ச்சது யாரு?"

மேற்படி விதியின்படி அம்மாவுக்குச் சீட்டு மறுக்கப்பட்டது. தச்சர் வேட்பாளரானார்.

"பாலத்தைப் பத்திக் கேப்பீங்கதானே?" என்றாள் மனைவி.

"மொத நாளே கேக்கறேன் பாரு."

நம்ம தெரு ஆள் என்று தெருவே திரண்டு ஓட்டுப் போட்டது. ஜெயித்தார். முதல் நாள் கேள்வி நேரத்தில் அவர் முறை வந்தது. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் அவைக்குள் நுழைந்தார். மொத்த அவையும் தட்டியது. நின்றுகொண்டே தட்டினால் கைக்கு வாகாக இல்லை, எனவே தச்சர் உட்கார்ந்தார். சத்தம் ஓய்ந்தபோது கேள்வி நேரம் முடிந்திருந்தது.

சாயங்காலம் வாய்க்கால் கரையில் வந்து இறங்கினார். யார் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்குக் கூசியது. ஆனால் தெருவே தண்ணீரைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து அவருக்காகக் காத்து நின்றது. எல்லோருக்கும் முழங்கால் வரை ஈரம்.

"டிவியில பாத்தோம்ணே! மொத்த சபையில உங்க சத்தம்தான் பெரிசு!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"பாலம் என்னாச்சுப்பா?" என்று கேட்டாள் மகள்.

"சும்மா இரும்மா," என்று அதட்டினார் பக்கத்து வீட்டுக்காரர். "அப்பாவே களைச்சுப் போய் வந்திருக்காரு."

உறுப்பினரின் கால் நனையக் கூடாதென்று நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள்.