பாலத்தார் பாலம் ஏறிய நாள்

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த அத்தனை சந்தேகங்களும் ஒரே ஆளிடம் குடியிருந்தன என்றால், அது எங்கள் பாலத்தாரிடம்தான்.

திருவரங்குளம் போகும் வழியில், காட்டாற்றின் குறுக்கே மன்னர் காலத்து மரப் பாலம் ஒன்று இருந்தது. பல்லக்கு நனையக் கூடாதென்று மேலே ஓட்டுக் கூரை போட்டிருந்தார்கள். அதற்குக் காவல் இவர். பெயர் யாருக்கும் தெரியாது, கேட்டால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்பார்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. "ராஜ்ஜியமே ஒரே நாள்ல போயிருச்சு. பாலம் போக எம்புட்டு நேரமாகும்?" என்று வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி விசாரித்தார். அளவெடுக்க வந்த ஓவர்சியரின் டேப்பைப் பிடுங்கி ஒளித்துவைத்தார். தூக்கிக்கொண்டு போகிறவன்தானே அளவெடுப்பான்!

நான் அக்கரைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆறு வருடம் தினமும் என் சைக்கிளை நிறுத்தி, "யாரு?" என்று கேட்டார். ஒருநாள் எரிச்சலில், "நேத்து வந்த அதே வாத்தியார்தான்" என்றேன்.

"அதை நீங்கதான சொல்றீங்க" என்றார்.

எல்லோரையும்விட அவர் அதிகம் சந்தேகப்பட்டது அந்தப் பாலத்தைத்தான். அதில் கால் வைத்ததே இல்லை. அக்கரை டீக்கடைக்கும் ஆற்று மணலில் இறங்கித்தான் போவார்.

ஓர் ஐப்பசி அடைமழையில் என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்கும் அந்த வழிதான்; மாட்டு வண்டி பிடித்துக் கிளம்பினோம். வெள்ளம் பாலத்துப் பலகையை அறைந்துகொண்டிருந்தது. மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன. "என்னால ஆகாதுங்க" என்று வண்டிக்காரர் இறங்கிவிட்டார். வண்டிக்குள் அவள் அலறுகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாலத்தார் வந்தார். யாரென்று கேட்கவில்லை. மாடுகளின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். ஒவ்வொரு பலகையையும் கம்பால் தட்டிப் பார்த்து, "அங்கிட்டு வேணாம், இங்கிட்டு வாங்க" என்று முன்னால் நடந்தார். வண்டிக்காரரும் வண்டிக்குப் பின்னாலேயே வந்தார்.

அக்கரை சேர்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். "மொதல்ல கெளம்புங்க, வாத்தியாரே" என்றார். நான் வாத்தியார் என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டார். மறுபடி பாலம் ஏறத் துணியாமல், வெள்ளம் வடியும்வரை இரண்டு நாள் டீக்கடையிலேயே கிடந்தாராம்.

குழந்தையோடு திரும்பியபோது வண்டியை நிறுத்தினார். "யாரு?" என்று என்னைக் கேட்டார், மனைவியைக் கேட்டார், வண்டிக்காரரையும் விடவில்லை. பிறகு, துணிக்குள் தூங்கிய மகளை எட்டிப் பார்த்தார்.

"இது யாருன்னு கேக்கலையா?" என்றேன்.

"இத எதுக்குக் கேக்கணும்? தெரிஞ்ச புள்ள."

அதன்பிறகு அவர் நிறுத்துவதற்கு முன்பே நானாகச் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவேன். அந்த "யாரு?" காதில் விழாத நாளில் எனக்குப் பாடமே ஓடாது.