பெட்டியில் எழுதாத பெயர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. வார்ப்பு உதிரிபாகங்கள் லாரியில் வந்து இறங்கும். அவற்றில் எங்கேயோ விரிசல் இருக்கிறது என்று திடமாக நம்பித் தேட வேண்டும். விரிசல் இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இந்தப் புத்தியைச் சாயங்காலம் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் வம்பில்லை. நான் அதை மணவாள நகர் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். (எங்கள் தெருவில் பால் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.)

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். என் மனைவி வசந்தாவின் தங்கை கல்பனாவைப் பினாங்கில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். பொதட்டூர்பேட்டையில் இருந்த என் மாமியாருக்கு முழங்கால் வலி. விமானம் ஏற முடியாது. அதனால் தாய் வீட்டு வளையலை அக்காக்காரி வசந்தா கொண்டுபோய் முதலில் அடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்கள் என்று முடிவாயிற்று. அப்படியே மலேசியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் லீவு போட்டேன்.

சகலை போன் செய்து, தன் தம்பி கோலாலம்பூரில்தான் வேலை பார்க்கிறான், அவன் காரிலேயே பினாங்குக்கு அழைத்து வந்துவிடுவான் என்றார். அந்தத் தம்பி படிப்பு, பரீட்சை என்று கல்யாணத்துக்குக் கூட வராதவர். நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. பெயரைக் கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சும்மா காரில் ஏற்றுகிறவன் சும்மா இறக்கிவிட மாட்டான் என்பது என் கொள்கை. வேண்டவே வேண்டாம், நாங்களே வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டேன். திருவள்ளூரில் ஒரு டிராவல்ஸ்காரர் பேக்கேஜ் டூர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்கிறாரே, எவ்வளவு கமிஷனோ என்று எழுந்து வந்துவிட்டேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே திட்டம் போட்டேன். இரண்டு நாள் கோலாலம்பூர். மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் பினாங்கு. சாயங்காலம் நல்ல நேரத்தில் வளைகாப்பு.

"அவங்க தம்பி வரேன்னா வந்துட்டுப் போட்டுமே. உங்களுக்கு இன்னா நோவுது?" என்றாள் வசந்தா.

நோவு என்னவென்று எனக்கே தெரியாது. ஆனால் மீஞ்சூர் பழனி என் பக்கம் இருந்தான். எங்கள் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். கம்பெனி அனுப்பி ஒரே ஒரு முறை மலேசியா போய் வந்தவன். அந்த ஒரு முறையை வைத்துக்கொண்டு அவன் அரை வருஷம் பேசினான். அவன் எனக்குச் சொன்ன உபதேசம் இது:

"தோ பாரு, அங்க எவனாச்சும் உன் பேரைச் சொல்லிக் கூப்ட்டா திரும்பியே பாக்காத. பொட்டி மேல கீறதைப் படிச்சிட்டுக் கூப்புடுவான். போன் குடுத்துப் பேசுன்னுவான், கையால கூடத் தொடாத. தொட்டா பேஜாரு."

அப்படியானால் பெட்டியில் பெயரே எழுதாமல் இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெயர் இல்லாத பெட்டி விமான நிலையத்தில் தொலைந்துவிடும் என்பது என்னுடைய இன்னொரு சந்தேகம். கம்பெனி ஸ்டென்சிலைக் கொண்டுவந்து, மஞ்சள் பெயின்டில் ஒரு பெட்டியில் 'சுந்தரம், மணவாள நகர், திருவள்ளூர்' என்றும் இன்னொன்றில் 'வசந்தா சுந்தரம்' என்றும் நாலு பக்கமும் அடித்தேன். என் மாமியார் தன் பங்குக்கு வளையல் பெட்டியை வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, தபால் பார்சல் மாதிரி மார்க்கரில் எழுதினார்: 'கல்பனா வளைகாப்பு, பினாங்கு. தாய் வீட்டு வளையல். உடையும்.'

இரண்டு நாள் கோலாலம்பூரில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பஸ் நிலையத்தில் பினாங்கு டிக்கெட் வாங்கி, சாமான்களுடன் நின்றேன். வசந்தா கழிப்பறை வரிசைக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, சுந்தரம் அண்ணேதானே?"

வந்துவிட்டான் பழனி சொன்ன ஆள் என்று என் நெஞ்சு குதித்தது. நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. நான் திரும்பவில்லை. திருவள்ளூர் மணவாள நகர்தானே என்றான். பெட்டியைப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது. வசந்தா அக்கா எங்கே என்றான். அடுத்த பெட்டியைப் பார்த்தேன்.

"கல்பனா அண்ணி வளைகாப்புக்குத்தானே போறீங்க? நான் மோகன் லா. அண்ணன் அனுப்பிச்சாரு. கார் வெளியே இருக்கு." (பேச்சின் முடிவில் 'லா' என்று இழுப்பது அந்த ஊர் வழக்கம்.)

துணிப் பார்சலைப் பார்த்தேன். தாய் வீட்டு வளையல் பத்திரம் என்று அதற்கும் ஒரு வார்த்தை சொன்னான். ஆள் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறானே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். உண்மையைச் சொல்லச் சொல்ல அவன் மேல் எனக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போயிற்று. நாங்கள்தான் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே என்று மடக்கினேன். நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள், ஆனாலும் போய் நில் என்று அண்ணி சொன்னார்கள் என்றான். பிறகு யாருக்கோ போன் போட்டு, பேசுங்கள் என்று நீட்டினான். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவனை எப்படியாவது கழற்றிவிட வேண்டும். தாகமாக இருக்கிறது, ஒரு தண்ணீர் பாட்டில் கிடைக்குமா தம்பி என்று கேட்டேன். பாவம், ஓடினான்.

அந்த நேரம் பார்த்து வசந்தா வந்தாள். அவளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது மலாக்கா போகும் பஸ். பினாங்கு வடக்கே, மலாக்கா தெற்கே என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் தினமும் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறுகிறவன். அவசரத்தில் வண்டி மாறி ஏறிவிட்டால் வியாசர்பாடியில் இறங்கித் திரும்பி வந்தால் போயிற்று. அதே மாதிரி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த பஸ்ஸுக்கு வியாசர்பாடியே இல்லை. ஏறின இடத்தை விட்டால் மலாக்காவில்தான் நிற்கும் என்று டிரைவர் சொன்னபோது ஊரைத் தாண்டிவிட்டோம்.

இருந்தாலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஒரு பெரிய மோசடியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய கதையை வசந்தாவிடம் விவரமாகச் சொன்னேன். அவன் சொன்ன ஒவ்வொன்றும் எந்தப் பெட்டியில், எந்தப் பக்கம் எழுதியிருந்தது என்று தொட்டுக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவன் பேரு இன்னான்னு சொன்னான்?"

"மோகன்னு சொன்னான்."

"கல்பனா கொழுந்தன் பேரு மோகன். அது எந்தப் பொட்டில எழுதிகீது?"

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். பார்சலின் அடியில் கூடப் பார்த்தேன். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

வசந்தா கத்தவில்லை. வளையல் பார்சலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவ அங்க பட்டுப்பொடவை கட்டிக்கினு வாசலையே பாத்துக்கினு குந்தினு இருப்பா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. கத்தியிருந்தால் தேவலை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

மலாக்காவில் இறங்கிப் போன் செய்தால் கல்பனாதான் எடுத்தாள். அக்கா என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மோகன் தண்ணீர் பாட்டிலோடு பஸ் நிலையம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாராம். கழிப்பறை வாசலில் கூட நின்று கூப்பிட்டாராம். கூப்பிட்டிருந்த பெண்கள் சாயங்காலம் வந்து, சாப்பிட்டுவிட்டு, வளையல் போடாமல் திரும்பிப் போனார்கள். அக்கா கை வைக்காமல் யாரும் போடக் கூடாது என்று கல்பனா பிடிவாதமாக இருந்துவிட்டாள். மறுநாள் காலை ராகு காலத்துக்கு முன்னால் என்று மாற்றி வைத்தார்கள்.

திரும்பும் வழியில் பொறுப்பு என் கையை விட்டுப் போயிற்று. வசந்தா எதிரில் வந்த முதல் ஆளிடம் வழி கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே நம்பினாள். அது சரியாகவும் இருந்தது. (எனக்கு அதுவும் சந்தேகம்தான். வாயைத் திறக்கவில்லை.)

ராத்திரி பஸ் பிடித்து, மறுநாள் விடிந்து பினாங்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தது மோகன். எங்களுக்கு முன்னாலேயே காரில் வந்து சேர்ந்திருந்தார். வசந்தாவை உள்ளே விட்டுவிட்டு, என்னை மட்டும் வாசலில் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க யாரு?"

"சுந்தரம்" என்றேன்.

"அதான் பெட்டியிலயே எழுதியிருக்கே லா" என்றார். உள்ளே கல்பனா சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் கையை எடுத்தார். முந்தின நாள் வாங்கிய தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

வளையல் ஒன்று கூட உடையவில்லை. வசந்தா முதல் வளையலைப் போட்டபோது அக்கா தங்கை இரண்டு பேரும் அழுதார்கள். நான் பந்தியில் மோகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பரிமாறச் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன்.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் போன் செய்து, பெரியப்பா பேசுகிறேன் என்றால் லேசில் நம்ப மாட்டாள்.

"பெட்டியில எழுதாத ஒண்ணு சொல்லுங்க" என்பாள்.

"மோகன்" என்பேன். அதற்கப்புறம்தான் போனை அம்மாவிடம் கொடுப்பாள்.