தண்ணீருக்கும் பூர்வீகம் கேட்பவர்

பூர்வீகம் விசாரிப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே செழிப்பாக இருக்கிறது. சிதம்பரத்தில் பேருந்து ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் உங்கள் ஊர், தெரு, தாத்தா பெயர், தாத்தாவுக்குப் பெண் கொடுத்த வீடு எல்லாவற்றையும் கறந்துவிடுவார். கெட்ட மனிதரா? சேச்சே! பதில் பிடித்துப்போனால் வாழைப்பழம்கூடக் கொடுப்பார்.

சிதம்பரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் நடனசபாபதி இந்த இனத்தில் முதல் தரம். 2010 கோடையில் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு அடித்துக்கொண்ட நேரத்தில், கடலூரிலிருந்து இளமதி என்ற பொறியாளர் ஒரு சவ்வு வடிகட்டி இயந்திரத்தோடு வந்தார். தொட்டியில் சுத்தம் செய்து நாங்கள் சாக்கடையில் விடும் கழிவுநீரை, கிருமிகூட நுழைய முடியாத நுண்துளைச் சவ்வில் இன்னொரு முறை வடிகட்டினால் செடிக்கும் கழிவறைக்கும் ஆகும். அவர் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை அது. தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் நிலைக்கும்.

கண்ணாடி டம்ளரில் நீர் பளிச்சென்று இருந்தது. தலைவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. முன்னாடி இது என்னவா இருந்துச்சு?”

“முன்னாடி எப்படி இருந்தா என்ன சார்? இப்ப சுத்தமா இருக்குல்ல? டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க.”

“ரிப்போர்ட் கெடக்கட்டும். இதை ஊத்துன செடியில பூத்த மல்லி சாமிக்கு ஆவுமா?”

அதே செடிக்குச் சாணம் போடச் சொன்னவர் அவர்தான். கொள்ளிடம் எத்தனை ஊரைக் குளிப்பாட்டிவிட்டு நம் பக்கம் வருகிறது என்று ஒரு நாளாவது விசாரித்திருப்பாரா?

இளமதி சளைக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கி, மனிதரை இளக வைத்துவிட்டார். தலைவர் பேனாவைத் திறந்தார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திறந்தவர், பழக்க தோஷத்தில் கேட்டார்:

“ஆமா, உனக்கு எந்த ஊரும்மா?”

“தேவனாம்பட்டினம் சார்.”

“அப்பா?”

“கடலுக்குப் போறாரு.”

“ஓகோ...” பேனாவை மூடிப் பையில் செருகினார். “கமிட்டியில கலந்து பேசிட்டு சொல்றேம்மா.”

மறுநாள் இயந்திரம் மினிலாரியில் ஏறிப் போயிற்று. சுற்றி நின்ற பன்னிரண்டு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நீங்களாக இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள், இல்லையா? நல்லது. என் பெயர் போடாமல்தான் இதை எழுதியிருக்கிறேன். ‘இதை எழுதுனது சிதம்பரத்துல எந்தத் தெரு, யார் வீட்டு ஆளா இருக்கும்?’ என்று எத்தனையாவது வரியில் யோசிக்க ஆரம்பித்தீர்கள்?