கையாட்டும் ஆரோக்கியம்

நெருப்பையும் சக்கரத்தையும் மனிதன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். மூட்டை தூக்குகிறவனுக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு என்பதைக் கண்டுபிடித்தது மட்டும் சென்ற மாதம் முதல் தேதி, காலை எட்டரை மணிக்கு. அந்தப் பொன்னான வேளையில்தான் கிடங்கில் ‘ஆரோக்கிய இயக்கம்’ தொடங்கியது.

‘நலவாழ்வு ஆலோசகர்’ என்ற பதவியோடு ஒரு மேடம் வந்து, எல்லார் மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டை ஒன்றைக் கட்டினார். நடக்கிற அடியை எண்ணும் பட்டை. நாளுக்குப் பத்தாயிரம் அடி. மாதக் கடைசியில் சராசரி குறைகிறவர் ‘உடல்தகுதி குன்றியவர்’. அவருக்கு வேலையிலிருந்து ‘முழு ஓய்வு’ அருளப்படும்.

மூட்டை தூக்கும் நம் லோடுமேனுக்கு வயது ஐம்பத்து மூன்று. முழு ஓய்வு என்றால் வேலை போய்விடும் என்பது அவருக்குப் புரிந்தது. அடுத்த நொடியே தெம்பு வந்துவிட்டது. நடப்பதுதானே? லாரிக்கும் கிடங்குக்கும் நடுவே அவர் நடந்த நடையை நீட்டி வைத்தால் உலகத்தைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போடலாம்.

“மேடம், பத்தாயிரம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். மிச்சத்தை யாருக்காவது குடுக்கலாமா?” என்று பெருந்தன்மையோடு கேட்டார்.

ஆரோக்கியத்தில் இறங்கியபின் அரைக்கிணறு தாண்டலாமா? அன்றே டீயில் சர்க்கரையை நிறுத்தினார். சிகரெட்டைப் பாதியாக ஒடித்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபாதியையும் பிடித்தார் என்பது வேறு விஷயம். அன்று நூற்று நாற்பது மூட்டை இறக்கியிருந்தார். மாலையில் பட்டையைப் பார்த்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு அடி.

மறுநாள் மூட்டையோடு பலகையில் ஏறும்போது மணிக்கட்டில் பட்டை கிடுகிடுத்தது. மூட்டையைப் போட்டுவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்: ‘நீங்கள் நெடுநேரமாக அசையாமல் இருக்கிறீர்கள். சற்றே எழுந்து நடக்கலாமே!’

“என்னய்யா நின்னுட்ட?” என்று மேஸ்திரி கத்தினார்.

“நான் அசையவே இல்லையாம் மேஸ்திரி.”

“அதைத்தானய்யா நானும் சொல்றேன்!”

இயந்திரமும் மேஸ்திரியும் ஒரே குரலில் சொன்னபிறகு மறுப்பேது? தான் பிறவிச் சோம்பேறி என்பதை லோடுமேன் பணிவோடு ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் தெருவில் வெறுங்கையோடு விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏங்க, பகல் பூரா நடந்துட்டு வந்து இப்ப எதுக்கு நடக்குறீங்க?”

“அது வேலைக்காக நடந்தது. இது உடம்புக்காக.”

“அப்ப பகல்ல நடந்தது யார் உடம்பு?”

  லோடுமேன் இன்னும் வேகமாக நடந்தார். பத்தாம் நாள் வலது முட்டி பூசணிக்காய் போல வீங்கியது. சராசரி மட்டும் வீங்கவில்லை.

நொண்டிக்கொண்டு வந்தவரிடம் தராசுக்காரர்தான் உண்மையைப் போட்டுடைத்தார்.

“அண்ணே, மூட்டையை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்குறீங்க. கை ஆடல. கை ஆடினாத்தான் அதுக்கு அடி. உங்களுக்குக் கால் இருக்குறதே அதுக்குத் தெரியாது.”

“அப்ப ஒரு கையை விட்டுட்டுத் தூக்கவா?”

“விட்டுப் பாருங்க. மூட்டை உங்களைத் தூக்கும்.”

முட்டிக்காக ஒரு வாரம் விடுப்புக் கிடைத்தது. லோடுமேன் கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணைமேல் வைத்து, கையை ஆட்டினார். விடிந்தது முதல் அடைந்தது வரை ஆட்டினார்.

“யாருக்குங்க டாட்டா காட்டுறீங்க?” என்றாள் மனைவி.

“வியாதிக்குடி.”

முதல் நாளே முப்பதாயிரம் அடி! ‘அபாரம்! உங்கள் இதயம் உங்களுக்கு நன்றி சொல்கிறது’ என்றது பட்டை. இதயம் சொன்னதோ இல்லையோ, முட்டி சொன்னது.

மாதக் கடைசியில் கூட்டம். தூக்கும் ஆட்கள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ‘உடல்தகுதி குன்றியவர்கள்’. பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்போதே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். லோடுமேனுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, நாளுக்கு நாற்பதாயிரம் அடி கண்ட மேலாளருக்கு. அவர் அறையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

“உங்க ஆரோக்கியத்தோட ரகசியத்தைச் சொல்லுங்க” என்றார் மேடம்.

லோடுமேன் கைகூப்பினார். “வேலை செஞ்ச நாளெல்லாம் நான் சோம்பேறியாத்தான் இருந்தேன் மேடம். படுத்தப்புறம்தான் சுறுசுறுப்பு வந்துச்சு. உக்காந்த எடத்துலயே கையை ஆட்டணும், அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருஷமா சார் அதைத்தான் செஞ்சு காட்டிட்டு இருக்காரு. என் மரமண்டைக்குத்தான் ஏறல.”

மேலாளர் நெகிழ்ந்துபோனார். மேடம் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் கேட்டது. இரண்டு லாரி, எண்ணூறு மூட்டை. தூக்கும் ஆட்களில் ஆரோக்கியமாக மிஞ்சியவர் ஒருவர்தான். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடி, ‘போ’ என்று கையை ஆட்டினார். அவர் பட்டையில் ஓர் அடி ஏறியது.