மெஹபூப் பாய் பிடித்து வைத்த படகு

சுப்ரீம் கோர்ட்டுக்கே போவது என்று அல்போன்ஸ் முடிவெடுத்தபோது, ஜொவிட்டா இடுப்புக் குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அநியாயம் ஜொவி! விரிசல் அடைக்கக் குடுத்த படகை ஒம்பது நாளாப் புடிச்சு வெச்சுக்கினு கீறாரு அந்த பாய். பட்டினப்பாக்கமே மீனை அள்ளிக்கினு வருது. நான் கரையில நின்னு கை தட்டணுமா?"

"கூலியைக் குடுத்தா விட்டுடப் போறாரு."

"நீட்டினேன். வாங்க மாட்டேன்றாரு!"

"ஏனாம்?"

அல்போன்சுக்கு உடனே பயங்கரமாக இருமல் வந்தது.

போன வருஷம் இதே பாய், மெஹபூப் அலிதான், படகின் இன்ஜினைப் பிரித்து மாட்டினார். அந்தக் கூலிக்கென்று ஜொவிட்டா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பணம் பாயிடம் போகிற வழியில் இரண்டு பந்தயப் புறாக்களாக மாறிவிட்டது. முதல் பந்தயத்திலேயே பறந்துபோன புறாக்கள் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. பழைய பாக்கியும் வந்தால்தான் படகு என்கிறார் பாய். இது ஜொவிட்டா காதில் விழாமல் படகை மீட்க வேண்டும். விழுந்தால் அல்போன்சும் பறக்க வேண்டியதுதான்.

மயிலாப்பூர் வக்கீல் ராஜகோபாலனிடம் ஓடினான்.

"கான்ட்ராக்ட் சட்டம், நூத்தி எழுபதாவது பிரிவு," என்றார் அவர். "இப்போ செஞ்ச வேலைக்குக் கூலி வர்ற வரைக்கும் பொருளை வெச்சுக்கலாம். பழைய பாக்கிக்காக வெச்சுக்கப்படாது. அது வேற, இது வேற. அதுக்கு அவர் தனியா கேஸ் போட்டுக்கட்டும். இந்தக் கூலியைக் குடுத்துட்டுப் படகைக் கேளுங்கோ. தரலேன்னா நோட்டீஸ் விடுவோம், கோர்ட்டுக்குப் போவோம். ஆமா, படகு யார் பேர்ல?"

"சம்சாரம் பேருல சார். மகளிர் குழுக் கடன்ல வாங்கினது."

"அப்போ அவாதான் வந்து கேக்கணும்."

வந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாடம் நடத்தினான். "நீ நின்னா போதும். வாயே தொறக்காத."

ஜொவிட்டா தலையாட்டினாள். வெளியாள் முன்னால் அவள் பேசுவதே அபூர்வம்.

"வா தங்கச்சி," என்றார் மெஹபூப் பாய். அல்போன்ஸ் நீட்டிய கூலியைப் பார்த்தார். "இது சரி. அது?"

"நூத்தி எழுபது!" என்று அலறினான் அல்போன்ஸ்.

"இன்னாது, நூத்தி எழுபதா? பன்னெண்டாயிரமாச்சே!"

"சட்டம் பாய், சட்டம்! இன்ஜின் பாக்கிக்குப் படகைப் புடிக்க உங்களுக்கு உரிமையே இல்ல! அது வேற, இது வேற!"

ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஜொவிட்டாவின் கை நின்றது.

"எந்த இன்ஜின் பாக்கி?"

"போன வருசத்துது தங்கச்சி. இவரு ஒத்தை ரூவா தரலியே."

"சிநேகிதன் சும்மா குடுத்தான்னு ரெண்டு புறா வந்துச்சே... அதுவா?"

அல்போன்ஸ் கூரையை அண்ணாந்து பார்த்தான். காப்பாற்ற ஒரு புறாவும் வரவில்லை.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. குனிந்த தலை நிமிராமல் பாயிடம் கேட்டாள். "அண்ணே, சட்டம் அப்படின்னா இந்தக் கூலியை வாங்கிக்குங்க. படகு என் பேருல கீது. நான் எடுத்துக்கறேன்."

பாய் தாடியைச் சொறிந்தார். பிறகு கூலியை வாங்கிப் பையில் போட்டார். சொல்லிவைத்தபடி ஜொவிட்டாவின் அண்ணன் ஜெஃப்ரி டிராக்டரோடு வந்து படகைக் கட்டினான். ஜெயித்துவிட்டோம்! அல்போன்ஸ் குதித்து ஏறப் போனான்.

"நீங்க எங்க ஏறுறீங்க?"

"வீட்டுக்குத்தான்!"

"படகு வேற, பாக்கி வேறன்னு நீங்கதானே சொன்னீங்க? படகு வருது. பாக்கி இங்கதானே இருக்கணும்?" பாயிடம் திரும்பினாள். "அண்ணே, இவருக்கு வேலை குடுங்க. பாக்கி கழியிற வரைக்கும் வெச்சுக்குங்க."

"ஜொவி! மனுசனைப் புடிச்சு வெக்க எந்தச் சட்டத்துலயும் எடமில்ல!"

"அப்படியா? சாயந்தரம் வீட்டுக்கு வந்து சொல்லுங்க. சோறு எந்தச் சட்டத்துல போடணும்னு நானும் கேக்கறேன்."

ஜொவிட்டா ஏறிக்கொள்ள, டிராக்டர் மணலில் நகர்ந்தது. பாய் ஓர் உப்புத்தாளை அல்போன்ஸ் கையில் திணித்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகைக் காட்டினார். அல்போன்ஸ் நாலு தேய்ப்புத் தேய்த்தான். இரண்டு தடவை தண்ணீர் கேட்டான். ஒரு தடவை டீ கேட்டான். உப்புத்தாள் சொரசொரப்பாக இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளக்கத் தொடங்கினான்.

டிராக்டர் அலை ஓரம் சேர்வதற்குள் மெஹபூப் பாய் வெளியே ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"தங்கச்சி! பாக்கியே வேணாம்மா, இவரையும் ஏத்திக்கினு போயிடு!"