மூன்றாம் மேஜையிலிருந்து தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசி கூறி எழுதும் மடல். இங்கே நான், உன் அண்ணி, மகள் மூவரும் நலம். நலம் என்று முதல் மூன்று வரிக்குள் எழுதியாக வேண்டும் என்பது புது விதி. அதற்காக எழுதினேன் என்று நினைத்துவிடாதே, நிஜமாகவே நலம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியம் என நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டிலிருப்பவர்கள் திரும்பி வந்தால் வீடும் வேலையும் தருவதாக அரசு அறிவித்திருக்கிறதே, இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாமே, போடலாமா அண்ணா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடு. உன்னைப் பார்த்து எட்டு வருஷமாகிறது. நீ இல்லாம எனக்கும் என்னமோ போலத்தான் இருக்கு.

என் உத்தியோகம் பற்றியும் கேட்டிருந்தாய். தபால் தணிக்கை ஆபீசில் மூன்றாம் மேஜை. கடிதத்தைப் பிரித்து, படித்து, கூடாத வரிகளைக் கறுப்பு மையால் அடித்து, திரும்ப ஒட்டி அனுப்ப வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்த இடத்து வேலை. ஒரே சங்கடம், இந்த வருஷம் எனக்கு நம்ம தெருவையே ஒதுக்கிட்டாங்க. போன மாசம் எதிர்வீட்டுத் தையல்காரரை வழியில பார்த்து, "மூட்டுவலி தேவலையாண்ணே, மகன் சொன்ன தைலத்தைப் போட்டுப் பார்த்தீங்களா"ன்னு பாசமாக் கேட்டுத் தொலைச்சேன். மனுஷன் அப்படியே நின்னுட்டார். மூட்டுவலியை சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லலையாம், மகனுக்கு மட்டும்தான் எழுதினாராம். இனி தெருவே என்கிட்ட முகம் கொடுக்காதுன்னு பயந்தேன். நடந்தது வேற. மறுவாரத்திலிருந்து எல்லாரும் கடிதத்துக்கு நடுவுலயே என்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டாங்க. "அன்புள்ள மகளே, இங்கே எல்லாம் சரி. படிக்கிற தம்பி, குழாயில ரெண்டு வாரமா தண்ணி வரல, யார்கிட்டயாவது சொல்லிவிடுங்க. மகளே, உடம்பைப் பார்த்துக்கொள்." தண்ணி வரலைங்கிறது கூடாத வரி. தினமும் வருதுன்னுதான் ரேடியோ சொல்லுது. அதனால அடிச்சுட்டேன். அடிச்சுட்டு நானே போய்ச் சொல்லிக் குழாயைச் சரிபண்ண வெச்சேன். இப்போ தெருவுல எனக்கிருக்கிற மரியாதையே தனி.

உன் அண்ணி விஷயம்தான் கொஞ்சம் கையை மீறிப் போச்சு. என்னோட சண்டை போட்டா அவ அம்மாவுக்கு எழுதுவா, அது உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா அரசு ஊழியரைக் குறை சொல்ற வரியை அடிக்கணும்னு விதி இருக்கே, நானும் அரசு ஊழியர்தானே. வேற வழியில்லாம நாலு பக்கத்தையும் அடிச்சேன். மிஞ்சினது "அன்புள்ள அம்மாவுக்கு", "அவர்", "இப்படிக்கு". அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்துட்டேன்னே முடிவு பண்ணிட்டாங்க மாமியார். பெட்டியோட, அழுதுகிட்டே வாசல்ல வந்து இறங்கினவங்களுக்குக் கதவைத் திறந்ததே நான்தான். என்னை உயிரோட பார்த்ததுல அவங்களுக்குச் சந்தோஷமா ஏமாத்தமான்னு இன்னும் எனக்குப் பிடிபடல. வந்தது வந்தோம்னு பதினஞ்சு நாள் தங்கிட்டுத்தான் போனாங்க.

மத்தபடி ஒரு குறையும் இல்லை. ரேடியோவுல வெயில்னு சொன்ன அன்னைக்கு மழையில குடை பிடிச்சேன்னு ஆபீஸ்ல விளக்கம் கேட்டாங்க. வெயிலுக்குத்தான் பிடிச்சேன்னு எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கிட்டாங்க. நியாயமான மனுஷங்க.

இந்தக் கடிதத்தையும் ஒருத்தர் படிக்கணும். நாம எழுதினதை நாமே பார்க்கக் கூடாது. வெளிநாட்டுக்குப் போறதெல்லாம் நாலாம் மேஜைக்காரர் பொறுப்பு. ஏழு வருஷமா பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார், காலையில ஒரு தலையசைப்பு, சாயங்காலம் ஒண்ணு, பேச்சே கிடையாது. நேத்து வாய் நிக்காம அவர்கிட்ட, தங்கச்சி குடும்பத்தோட வரப் போறான்னு சொல்லிட்டேன். பேனாவைக் கீழே வெச்சுட்டு என்னையே பார்த்தார். பொறாமைன்னு நினைக்கிறேன்.

மாப்பிள்ளையை அதிகம் யோசிக்க வேண்டாமென்று சொல். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் நால்வரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்களுக்காக முன்னறைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்ட
அண்ணன்

பின்குறிப்பு: அம்மா, இது உங்க அண்ணன் எழுதுறது இல்லை. நான் நாலாம் மேஜை. இங்கே எங்களுக்கு வரியை அடிக்கத்தான் அதிகாரம், எழுத இல்லை. எனக்கு இதுதான் முதல் தடவை. உங்க அண்ணன் எழுதினதுல ஒரு வரியைக்கூட நான் அடிக்கல, மனசார எழுதியிருக்கார். நீங்க கையெழுத்துப் போடாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு அங்கேயே பெரிய வேலை கிடைச்சிருக்குன்னு அண்ணனுக்கு எழுதிடுங்க, சந்தோஷப்படுவார். இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க. போன வருஷத்திலிருந்து முந்நூறு குடும்பம் திரும்பி வந்திருக்குன்னு ரேடியோ சொல்லுது. வந்தவங்க அங்கே இருக்கிற சொந்தபந்தத்துக்கு எழுதுற கடிதமெல்லாம் என் மேஜை வழியாத்தான் போயாகணும். இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல.