மேல் கணக்கு நட்சத்திரம்

மேல் கணக்கு,
றக்வான.
20.12.1998

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான், உபதேசியார் ஞானப்பிரகாசம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் சவரிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நாங்கள் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கு ஆண்டவர் பொறுப்பில்லை, அஸீஸ் கடைப் படிதான் பொறுப்பு. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் நட்சத்திரம் இரத்தினபுரியில் உங்கள் கோயில் முகப்பில் தொங்குகிறது, போகிற வருகிற சனம் நின்று பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நெஞ்சு நிறைந்து விட்டது மச்சான். லயத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், கேட்க மாட்டேன் என்றவர்களுக்கு இரண்டு தடவை. கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தீர்கள், பொழுது பட்டு பல்ப் போட்டால் நட்சத்திரத்தின் நடுவில் முத்திரை மாதிரி ஏதோ நிழல் தெரிகிறது, அது என்ன வேலைப்பாடு என்று. அந்த வரியை மட்டும் நான் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

முதலில் வெற்றி வந்த கதையைக் கேளுங்கள். இந்த வருஷம் பாதர் பூசையிலேயே சொல்லிவிட்டார், வெள்ளை ரிஜிபோம் அட்டை, பிளாஸ்டிக் சங்கிலி எதையும் கடையில் வாங்கக் கூடாது, போன வருஷம் கட்டினதெல்லாம் ஜனவரியில் ஆற்றில்தான் கிடந்தது, இனி வீட்டில் கழித்துப் போடுகிற சாமானில்தான் சோடனை, தோட்டத்தில் மேல் கணக்கு, கீழ் கணக்கு இரண்டு பிரிவும் தனித்தனியாகச் செய்யட்டும், எந்தக் கணக்கு நட்சத்திரம் நல்லதோ அது இரத்தினபுரிக்குப் போகும் என்று. பாதர் இதைச் சொல்லும்போது என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காமல் என்ன செய்வார்? முப்பத்தொரு வருஷம் பெக்டரியில் தேயிலைப் பெட்டி கட்டினவன் நான். உள்ளே ஈயத்தாள் விரித்து, மூலைக்கு மூலை கடதாசி ஒட்டி, லண்டன் வரைக்கும் ஒரு தூள் சிந்தாமல் அனுப்பினவன். கடதாசியைக் கண்ணால் பார்த்து எடுக்கிறவன் புதுசு, விரலால் தடவி எடுக்கிறவன்தான் தொழில்காரன். எது தாங்கும், எது கிழியும் என்று என் பெருவிரலுக்குத் தெரியும்.

உங்கள் தங்கை இராஜத்தின் உடைந்த குடைக் கம்பிதான் நட்சத்திரத்துக்கு எலும்பு. ஓரத்துக்கு நான் பெக்டரியில் இருந்து பென்ஷன் மாதிரி கொண்டு வந்து வைத்திருந்த பழைய ஈயத்தாள். மேலே போர்த்த, அஸீஸ் நானா கடையில் அப்பிள் சுற்றி வந்த ஊதாத் தாள். அதை வாங்கப் போன இடத்தில்தான் படி வழுக்கி முழங்கால் போனது, ஆனால் விழும்போதும் தாளை நான் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன், ஒன்றுகூடக் கசங்கவில்லை. பசைக்குக் கோதுமை மா வேண்டும், இராஜம் பலகாரத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தாள், அது பசையாகிவிட்டது, ஆகையால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் பலகாரம் கொஞ்சம் சுருக்கம், நீங்கள் வரும்போது கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஓட்டைக் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து மரம் செய்தேன், பால்மா பைக்கட்டை உள்பக்கம் திருப்பி மணி செய்தேன், செமன் மீன் டின்னை வெட்டிப் பாலனுக்குத் தொட்டில் செய்தேன். டின்னை மூன்று தரம் கழுவினேன் மச்சான், சத்தியமாக. ஆனாலும் பாதர் குடிலைப் பார்க்கக் குனிஞ்ச நேரம் தொட்டிலுக்குள்ள பக்கத்து லயத்துப் பூனை சுருண்டு படுத்திருந்துச்சு, பாலன் வைக்கோல்ல குப்புறக் கிடந்தாரு. பாதர் நல்ல மனுசன், "பெத்லகேம்ல பூனை இல்லைன்னு எங்கயும் எழுதல்லையே"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

கீழ் கணக்கில் இராமசாமி தலைவர் சாராயப் போத்தல் மூடியாகவே கோர்த்து ஒரு நட்சத்திரம் கட்டியிருந்தார். பளபளத்தது, நான் நியாயஸ்தன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதர், "இவ்வளவு மூடி ஒரு மாசத்துல எப்படிச் சேர்ந்திச்சு?" என்று கேட்டதும் கீழ் கணக்கு ஆம்பிளைகள் ஒருத்தர் விடாமல் வானத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மழையும் வந்தது. எல்லாருடைய கடதாசிச் சங்கிலியும் சாயம் விட்டுக் கரைந்தது, என் நட்சத்திரம் நடுவில் ஒரு சுருக்கம் விழாமல் நின்றது. பெக்டரிப் பெரியவர் டீமேக்கர் மஹத்தயா நடுவை விரலால் அழுத்திப் பார்த்து, சிங்களத்தில் "ஹரிம லஸ்ஸனய், மேக்க இரென்னே நே" என்றார், ரொம்ப அழகு, இது கிழியவே கிழியாது என்று. அன்று கரண்ட் இல்லை, பகல் வெளிச்சத்திலேயே தீர்ப்பு. மேல் கணக்கு முதலாம் இடம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

இவ்வளவு சந்தோசத்துக்கு நடுவுல வீட்டுல மட்டும் ஒரு சின்னக் கரைச்சல். ஜனவரி ஒன்பதாம் திகதி கிராமசேவகர் தோட்டத்துக்கே வந்து அடையாள அட்டைக்கு எழுதுகிறார். மகள் சுஜீதாவுக்குக் கொழும்புப் பக்கம் வத்தளையில் ஜனவரி கடைசியில் பிள்ளை பிறக்கும், தலைப் பிரசவம், அம்மா பக்கத்துல இருக்கணும்னு அழுது அழுது கடிதம் போடுது. அட்டைக்கு எழுதிக் குடுத்த துண்டாவது இல்லாம வழியில ஒரு செக்பொயின்ட்டையும் தாண்ட ஏலாது. இராஜத்துக்கு இது நாள் வரை அட்டை இல்லை, அதனாலேயே அவளுக்கு ஏழு வருஷமாக நாற்பத்தெட்டு வயது. இப்ப எழுதணும்னா பிறப்புச் சான்றிதழ் வேணும். அது தகரப் பெட்டியில இல்லை. "பொட்டியில வச்ச பத்திரம் கால் மொளைச்சா போச்சு? நீங்கதான் குப்பையோட குப்பையா வீசிட்டீங்க"ன்னு பத்து நாளா என்னைத்தான் பேசுறா. நான் நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன், இந்த வீட்டில் ஒரு துண்டுக் கடதாசி கூட நான் வீசியதில்லை, எல்லாவற்றையும் பிரயோசனப்படுத்தி இருக்கிறேன் என்று. அது உண்மை மச்சான்.

வரப் போகிற பாலன் உங்கள் வீட்டு அடுப்பையும் மனசையும் நிறைத்து வைக்கட்டும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு, முதலாம் இடம் பெற்ற
அ. சவரிமுத்து

பி.கு.: அந்த நிழல் விசயம். நட்சத்திரத்துக்கு அஞ்சு கை சேர்ற எடத்துல நல்ல கடதாசி ஒண்ணு வேணும். தகரப் பெட்டிக்குள்ள கைய விட்டேன், கண்ணாடி போடல்ல, விரல் சொன்னதக் கேட்டேன். விரல் பொய் சொல்லல்ல மச்சான், அரசாங்கக் கடதாசி. வெளிச்சம் போகட்டும்னு தேங்காயெண்ணெய் வேற தடவிட்டேன். உங்க கடிதம் வந்த பிறகுதான் அது எந்தக் கடதாசின்னு விளங்கிச்சு. கொதிக்கிற கேத்தல் ஆவியக் காட்டினா பசை விடும், பக்குவமா எடுத்து அனுப்பி வைங்க, நாலு பேருக்கு முன்னால எடுக்க வேணாம். இராஜத்துக்கு ஒரு சொல்லும் தெரியக்கூடாது. கடிதத்தை அவகிட்டதான் தபால்ல போடக் குடுக்கிறேன், மத்தவங்க கடிதத்தப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அண்ணே, கவர ஒட்டாமக் குடுத்தாரு, பசை எல்லாம் நட்சத்திரத்துக்கே முடிஞ்சி போச்சாம். நான் ஒட்டி அனுப்புறேன். பத்திரம் இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சி, அது போதும், சுஜீதாகிட்ட போயிருவேன். இப்ப பிரிக்க வேணாம். தொங்கட்டும். அவரு அப்படியொரு சந்தோசமா நடந்து நான் பார்த்ததில்ல. எம்பேரு பெரிய கோயில் வாசல்ல வெளிச்சம் போட்டு நிக்கிறதும் நல்லாத்தான் இருக்கு. மூணு ராசாக்கள் திருநாள் முடியவும் ஏழாந்திகதி பஸ்ஸுல ஆள்கிட்ட குடுத்து விடுங்க. அதுவரைக்கும் நான் இங்க தேடுற மாதிரி தேடிக்கிட்டுத்தான் இருப்பேன், கொஞ்சம் முழிக்கட்டும். ஆனா பொறந்த வருசம் தெரியிற எடத்துல மட்டும் இந்தக் கடிதம் கெடைச்ச அன்னைக்கே ஒரு அப்பிள் தாள ஒட்டி மறைச்சிருங்க. தங்கச்சி இராஜம்.